வலியறிதல்

நுழையும்முன்

நோயற்ற வாழ்வை வேண்டுவது மனித இயல்பு. எனினும், நோய் முற்றிலும் தீர்ந்த பிறகே வாழத் தொடங்குவது என்று காத்திருக்க எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மூட்டுவாதம், முதுகுத்தண்டுப் பாதிப்பு, நரம்புத் தளர்ச்சி போன்றவற்றால் ஆண்டுக்கணக்கில் வலியோடும் குறைந்த நடமாட்டத்தோடும் வாழ்பவர் நம் வீட்டிலும் தெருவிலும் வகுப்பறையிலும் உள்ளனர். வலி நீங்காத நிலையிலும் வாழ்வைச் செம்மையாக அமைத்துக்கொள்ள இயலுமா? அதில் அவர்தம் பங்கு எது? உடனிருப்போர் பங்கு எது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

தறியும் உடலும்

ஈரோடு மாவட்டத்தில், காவிரியும் பவானியும் கூடும் இடத்தில் அமைந்த ஊர் பவானி. அவ்வூரின் பெயரைச் சொன்னதும் கூடுதுறைச் சங்கமேசுவரர் கோயிலும் ஜமக்காளமும் நினைவுக்கு வரும். பருமனான பருத்தி நூலில், பட்டைபட்டையாகப் பல வண்ணங்கள் ஓட நெய்யப்படும் அவ்விரிப்பு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. திருமண வீடு, ஊர்க்கூட்டம், இசையரங்கு எனத் தமிழர் ஒன்றுகூடி அமரும் இடங்களிலெல்லாம் அது விரிக்கப்பட்டு வந்துள்ளது.

ஜமக்காளம் நெய்யப்படுவது குழித்தறியில். நெசவாளர் தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி, அதன் விளிம்பில் அமர்கிறார். கால்கள் மிதிபலகைகளை மாறிமாறி மிதிக்கின்றன. பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடுகின்றன. அவ்வழியே ஊடை நூலைச் சுமந்த நாடா குறுக்கே ஓடுகிறது. ஓடிய நூலை ஒவ்வொரு முறையும் அடித்து இறுக்க வேண்டும். நூல் பருமனானது, ஆதலால் அடியும் வலுவானதாக இருக்க வேண்டும். அகலமான விரிப்பாயின் இருவர் அருகருகே அமர்ந்து நெய்வர்.

ஒரு நாளில் பன்னூறு முறை நிகழும் இவ்வியக்கத்தில் முதுகு வளைந்தே இருக்கிறது. கழுத்து குனிந்தே இருக்கிறது. தோளும் மணிக்கட்டும் முழங்காலும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. இளமையில் இரவு உறக்கத்தோடு தீர்ந்துவிடும் அயர்வு, ஆண்டுகள் செல்லச் செல்லக் காலையிலும் உடனிருக்கும் வலியாக மாறுகிறது. விரிப்பில் அமர்பவருக்கு அதன் வண்ணப்பட்டைகள் தெரிகின்றன. அதனை நெய்தவரின் முதுகு தெரிவதில்லை. நெசவாளருக்கு மட்டுமன்று, வயலில் குனிந்து நாற்று நடுபவருக்கும், நாள்முழுதும் நின்று பணிபுரியும் ஆலைத் தொழிலாளிக்கும், சுமை தூக்குபவருக்கும் இந்நிலை பொதுவானது. உழைப்பின் காரணமாக அன்றி, நோயாலும் விபத்தாலும் பிறவியாலும் வலியைச் சுமப்போரும் பலர்.

வலி என்னும் காவலாளி

வலியை நாம் பகையாகவே எண்ணுகிறோம். வலி இல்லாத உடல் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் உலகுக்கு எடுத்துக்காட்டினார். அவர் பெயர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த அவர், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியாற்றித் தொழுநோயாளர்களுக்கு மருத்துவம் செய்தார்.

தொழுநோய் விரல்களைத் தானே அரித்துத் தின்றுவிடுகிறது என்றே அக்காலத்தில் பலர் நம்பினர். பிராண்ட் கண்டறிந்த உண்மை வேறு. அந்நோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் கை பின்வாங்குவதில்லை. காலில் ஆணி தைத்தாலும் நடை நிற்பதில்லை. காயம்பட்டது தெரியாமலே அவ்வுறுப்பைத் தொடர்ந்து பயன்படுத்துவதால் காயம் புண்ணாகிறது. புண் உறுப்பையே சிதைக்கிறது. வலி இல்லாமையே அவர்களுக்குப் பெருந்தீங்காக முடிந்தது. எனவே, வலி என்பது உடலுக்கு வாய்த்த காவலாளி. ஆபத்து நெருங்கும்போது குரல் கொடுத்து நம்மைக் காப்பது அதன் பணி.

காவலாளி ஓயாதபோது

விரலில் வெட்டுப்பட்டால் வலிக்கிறது. காயம் ஆறியதும் வலி நின்றுவிடுகிறது. இது குறுங்கால வலி. 3 மாதங்களுக்கு மேல் தொடரும் வலியையோ, விட்டுவிட்டு அத்துணைக் காலம் திரும்பத் திரும்ப வரும் வலியையோ மருத்துவ அறிஞர்கள் நாட்பட்ட வலி என்பர். மூட்டுத் தேய்மானம் போன்ற காரணம் நீங்காதிருப்பதால் வலி நீடிப்பதுண்டு. காயம் ஆறிய பிறகும் நரம்புகள் மிகைக் கூருணர்வு கொண்டு, சிறு தூண்டலையும் பெரும் ஆபத்தாக மூளைக்கு அறிவிப்பதும் உண்டு. திருடன் சென்ற பின்னரும் குரைப்பதை நிறுத்தாத காவல்நாயைப் போன்றது அந்நிலை.

1965ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் அறிஞர் இருவர் வலி பற்றிய 'வாயிற்கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை' வெளியிட்டனர். உடலிலிருந்து புறப்படும் வலிச்செய்தி நேரே மூளையை அடைவதில்லை. தண்டுவடத்தில் உள்ள ஒருவகை வாயிலைக் கடந்தே செல்கிறது. அவ்வாயில் சில வேளைகளில் அகலத் திறக்கிறது, சில வேளைகளில் ஒடுங்குகிறது என்பது அதன் சாரம். முழங்கை மேசையில் இடித்துக்கொண்டதும் நாம் அவ்விடத்தைத் தேய்த்துவிடுகிறோம். வலி சற்றுத் தணிகிறது. தொடுவுணர்ச்சி அவ்வாயிலை ஒடுக்குவதே அதற்குக் காரணம் என்று இக்கோட்பாடு விளக்குகிறது. அச்சமும் உறக்கமின்மையும் கவலையும் வலியை மிகுவிப்பதும், ஆறுதலும் ஈடுபாடும் வலியைத் தணிப்பதும் இவ்வகையில் புரிந்துகொள்ளத்தக்கவை.

இதனால், வலி வெறும் மனப்பிரமை என்று கொள்ளுதல் பெரும்பிழை. மனநிலை வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்பதும், வலி பொய் என்பதும் ஒன்றல்ல. எக்சு கதிர்ப் படத்தில் எதுவும் தெரியவில்லை என்பதாலேயே ஒருவருக்கு வலி இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

தெரிந்து தெளிவோம்

வலியின் தன்மையைச் சுட்டத் தமிழில் சொற்கள் பல உள்ளன. ஊசி முனைபோல் தோன்றுவது குத்தல். எலும்புக்குள் துளைப்பதுபோல் தோன்றுவது குடைச்சல். நெடுநேர உழைப்பால் கைகால்களில் தோன்றுவது உளைச்சல். தசை இறுகி அசைய விடாமல் செய்வது பிடிப்பு. தீப்பட்டதுபோல் தோன்றுவது எரிச்சல். உணர்ச்சி குன்றித் தடித்ததுபோல் தோன்றுவது மதமதப்பு. இச்சொற்கள் மருத்துவருக்கும் பயன்படுவன. எரிச்சலும் மதமதப்பும் நரம்பு தொடர்பான வலியைச் சுட்டக்கூடும். எனவே, 'வலிக்கிறது' என்று மட்டும் கூறாமல் எவ்வாறு வலிக்கிறது, எப்போது மிகுகிறது, எதனால் தணிகிறது என்று கூறுதல் நன்று.

மூன்று அறிதல்கள்

தமிழில் 'வலி' என்னும் சொல்லுக்கு நோவு என்பது மட்டுமன்றி வலிமை என்பதும் பொருளாகும். திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதல் வலிமையை அறிதலைப் பற்றியது. அதனைத் தொடர்ந்து காலமறிதலும் இடனறிதலும் அமைந்துள்ளன. அரசன் ஒரு செயலில் இறங்குமுன் எண்ண வேண்டியவற்றை இம்மூன்று அதிகாரங்களும் கூறுகின்றன. நாட்பட்ட வலியோடு வாழ்பவரும் ஒவ்வொரு நாளும் தம் உடலாகிய சிறு நாட்டை ஆள வேண்டியவரே. அவருக்கும் இம்மூன்று அறிதல்களும் வழிகாட்டும்.

வலியறிதல்

செய்யவுள்ள செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பதன் வலிமை, துணைநிற்பவரின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோடச் சொல்கிறது அவ்வதிகாரம். நாட்பட்ட வலி உடையவருக்கு எதிர்நிற்பது வலியே. அதன் இயல்பை முதலில் அறிய வேண்டும். அதற்கு எளிய கருவி ஒரு குறிப்பேடு. வலியே இல்லாத நிலையை 0 என்றும், தாங்கவே இயலாத நிலையை 10 என்றும் கொண்டு, காலை, நண்பகல், இரவு ஆகிய வேளைகளில் வலியின் அளவைக் குறித்து வரலாம். அன்று செய்த வேலை, உறங்கிய நேரம், உட்கொண்ட மருந்து ஆகியவற்றையும் எழுதலாம். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தால், வலி காரணமின்றி வந்து தாக்குவதுபோல் தோன்றியது மாறி, அதன் போக்கு ஓரளவு புலப்படும்.

தன் வலிமையை மிகைப்படுத்தி எண்ணுவதும், குறைத்து எண்ணுவதும் தீங்கு தருவன. வலி குறைந்த ஒரு நாளில், 'இன்று உடம்பு நன்றாக இருக்கிறது' என்று தேங்கிக் கிடந்த வேலைகளையெல்லாம் ஒருசேரச் செய்து முடிப்பவர், அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க இயலாமல் படுத்துவிடுகிறார். எழுந்ததும் மீண்டும் அதையே செய்கிறார். பாரவண்டியும் மயிலிறகும் வரும் உவமையை நீங்கள் அறிவீர்கள். அச்சு முறிவது இறுதியாக ஏற்றிய பொருளின் கனத்தால் மட்டுமன்று.

இதன் மறுபக்கமும் உண்டு. வலிக்கும் என்னும் அச்சத்தால் அசைவையே தவிர்த்துப் படுத்திருந்தால் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, உறக்கம் கெடுகிறது, மனம் சோர்கிறது. நேற்று வலியில்லாமல் நடந்த தூரம் இன்று வலி தருகிறது. ஓயாத உழைப்புக்கு மருந்து ஓயாத ஓய்வு அன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை அறிவதே இங்கு வலியறிதல் ஆகும்.

காலமறிதல்

அவ்வளவைப் பேணும் வழி காலத்தில் உள்ளது. 'வலிக்கும் வரை செய்வேன், வலித்தால் நிறுத்துவேன்' என்பது பலரது வழக்கம். அதில் எப்போது நிறுத்துவது என்பதை வலியே முடிவு செய்கிறது. மாறாக, நேரமே அதை முடிவு செய்யட்டும் என்பது இக்கால மருத்துவர்களும் உடலியக்க மருத்துவ வல்லுநர்களும் கூறும் அறிவுரை. ஒருவரால் 30 நிமிடம் அமர்ந்தால் முதுகு வலிக்கத் தொடங்குகிறது எனக் கொள்வோம். அவர் 20 நிமிடத்திலேயே எழுந்து, சற்று நடந்து, உடலை நிமிர்த்திப் பிறகு மீண்டும் அமர வேண்டும். வலி குறைந்த நாளிலும் அதே 20 நிமிடம். சற்று மிகுந்த நாளிலும் இயன்றவரை அதே 20 நிமிடம். சில வாரங்கள் கழித்து அதனைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம்.

வேலையின் வரிசையிலும் காலமறிதல் உண்டு. காலை எழுந்ததும் மூட்டு இறுக்கம் மிகுந்திருப்பவர் கடினமான வேலையை முற்பகலின் பிற்பகுதிக்குத் தள்ளலாம். கனமான வேலைகள் இரண்டினிடையே இலகுவான வேலை ஒன்றைச் செருகலாம். துணி துவைத்தல், மாவரைத்தல், வீடு கூட்டுதல் ஆகிய மூன்றையும் ஒரே காலையில் முடிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மருந்துக்கும் காலம் உண்டு. வலிநிவாரணி மாத்திரைகளை மருத்துவர் அறிவுரையின்றித் தாமாகவே வாங்கி நெடுங்காலம் உண்பது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். தாமதிக்கக் கூடாத காலமும் உண்டு. கால்கள் திடீரென வலுவிழத்தல், மரத்துப்போதல், சிறுநீரையோ மலத்தையோ அடக்க இயலாமை, வலியோடு காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல் ஆகியன தோன்றினால் பழகிய வலிதானே என்று இராமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. நெய்த அளவுக்கே கூலி பெறுபவருக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நட என்னும் அறிவுரை கூலியிலிருந்து கழிக்கப்படும் நேரமாகவே தோன்றும். ஆயினும், ஒரு வாரம் தறியேற முடியாமல் படுத்திருப்பதால் இழப்பது அதனினும் பெரிது. இவ்வறிவுரையைக் கடைப்பிடிக்கத் தனிமனித உறுதி மட்டும் போதாது. குடும்பமும் தொழிலிடமும் அதற்கு இடங்கொடுக்க வேண்டும்.

இடனறிதல்

உடலை மாற்ற இயலாதபோது இடத்தை மாற்றலாம். ஒருவருக்கு நடமாட்டம் குறைந்ததற்குக் காரணம் அவர் கால் மட்டுமன்று. அவர் முன் உள்ள படிக்கட்டும் காரணம். படிக்கட்டின் இடத்தில் சாய்தளம் அமைந்தால் அதே காலோடு, அதே சக்கர நாற்காலியோடு அவர் வெளியே வருகிறார். சாய்தளம் அமைப்பதற்கும் கணக்கு உண்டு. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. 2 அடி உயரத் திண்ணைக்கு 24 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டப்படும் சாய்தளம், இருந்தும் பயன்படாது.

ஊன்றுகோலுக்கும் கணக்கு உண்டு. வலது முழங்காலில் வலி உள்ளவர் வலக்கையில் கோல் பிடிப்பதே இயல்பு என்று நமக்குத் தோன்றும். ஆனால், கோலை இடக்கையில், அதாவது வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கத்தில் பிடிக்க வேண்டும். வலக்கால் முன்னே செல்லும்போது இடக்கைக் கோலும் உடன்சென்று உடற்சுமையைப் பகிர்ந்துகொள்கிறது. கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு இருக்கும் உயரமே கோலின் உயரம். கோலூன்றுவதை முதுமையின் அடையாளமாகக் கருதி நாணுவோர் உளர். கண்ணாடி அணிவதற்கு நாணாத நாம், கோலுக்கு மட்டும் நாணுவது ஏன்?

வீட்டில் செய்யத்தக்க மாற்றங்கள் பல. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி. குந்தி அமர இயலாதவருக்கு நாற்காலி போன்ற கழிப்பிருக்கை. நாள்தோறும் எடுக்கும் பாத்திரங்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் ஓர் அலமாரி. நின்று சமைப்பவர் அவ்வப்போது அமர ஓர் உயரமான முக்காலி. தறிக்கூடத்திலும் அமரும் பலகைக்கு மெத்தை இடலாம். வெளிச்சத்தைக் கூட்டினால் கழுத்தைக் குனிந்து உற்றுநோக்கும் தேவை குறையும். இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. காக்கப்படும் வலிமை பெரிது.

இடனறிதல் என்பது, எந்தப் பணியில் தனக்கு இடம் உண்டு என்று அறிதலுமாகும். மிதிபலகையை மிதிக்க இயலாத நெசவாளர் தார் சுற்றலாம். வண்ணச் சேர்க்கையை முடிவு செய்யலாம். நெய்த விரிப்பின் குறை நிறை காணலாம். இளையோருக்குத் தொழில் கற்றுத் தரலாம். கால் ஓய்ந்ததால் நாற்பதாண்டுத் தொழிலறிவு ஓய்ந்துவிடுவதில்லை.

அமர்ந்தபடியே அறுவை செய்த மருத்துவர்

இடனறிதலுக்குச் சிறந்த சான்றாக விளங்கியவர் மருத்துவர் மேரி வர்கீசு. 1925இல் கேரளத்தில் பிறந்த அவர், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று அங்கேயே பணியில் சேர்ந்தார். 1954ஆம் ஆண்டு நிகழ்ந்த மகிழுந்து விபத்தில் அவரது தண்டுவடம் பாதிக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 28.

நின்று அறுவை செய்யும் துறைகளில் அவர் இனிப் பணியாற்ற இயலாது. ஆனால், பால் பிராண்ட் வேலூரில் வளர்த்து வந்த கை அறுவை மருத்துவம் அமர்ந்தபடியே செய்யத்தக்கது. மேரி வர்கீசு சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சீராக்கும் அறுவையைச் செய்தார். தம் கால்களில் இயக்கத்தை இழந்தவர், பிறர் கைகளுக்கு இயக்கத்தை மீட்டுத் தந்தார்.

அதனோடு அவர் நின்றுவிடவில்லை. உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போதுமா, அதன் பிறகு அந்த நோயாளி எவ்வாறு வாழ்வார் என்னும் வினா அவரை மறுவாழ்வு மருத்துவத்துக்கு இட்டுச் சென்றது. ஆத்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அத்துறையில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் தண்டுவடப் பாதிப்புற்றோர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்குத் தொடங்கப்பட்டது. அது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், தாமே குளித்தல், சமைத்தல், தொழில் செய்தல் ஆகியன அங்குக் கற்பிக்கப்படும் பாடங்கள். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆய்க்குடியில் ஒரு தொடக்கம்

தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவர். 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரிகள் தேர்வுக்கான உடற்திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்தது. அவர் 1981இல் தம் ஊரிலேயே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான 'அமர் சேவா சங்கம்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் செய்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகலின் நினைவாகவே அப்பெயரைச் சூட்டினார். உலக நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளுக்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருந்ததும் அதே 1981ஆம் ஆண்டே. இன்று அவ்வமைப்பு கல்வி, மருத்துவம், தொழிற்பயிற்சி எனப் பல துறைகளில் கிராமப்புற மக்களுக்குத் தொண்டாற்றுகிறது. 2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இத்தகையோரைப் போற்றும்போது ஒன்றை மறத்தல் கூடாது. வலியோடு வாழும் ஒவ்வொருவரும் நிறுவனம் தொடங்க வேண்டும், விருது பெற வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். காலையில் தாமே எழுந்து, தலைவாரி, வாசலில் அமர்ந்து பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லும் மூதாட்டியின் நாளும் செம்மையாக வாழ்ந்த நாளே.

துணையின் வலிமை

வலியறிதலில் எடைபோட வேண்டிய நான்காவது, துணைநிற்பவரின் வலிமை. துணைநிற்றலின் முதற்படி நம்புதல். நாட்பட்ட வலி கண்ணுக்குத் தெரிவதில்லை. நேற்று நடந்தவர் இன்று நடக்க இயலவில்லை என்றால் 'சோம்பல்' என்கிறோம். 'நேற்று நன்றாகத்தானே இருந்தீர்கள்' என்கிறோம். வலியின் அளவு நாளுக்கு நாள் மாறும் என்பதை அறிந்தவர் அவ்வாறு கூறமாட்டார். வலியைவிட, தம் வலியைப் பிறர் நம்பவில்லை என்பதே பலரை மிகுதியாக வருத்துகிறது.

இரண்டாவது, கேட்டு உதவுதல். சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கேளாமலே தள்ளுவதும், மெல்ல நடப்பவரின் கையிலிருந்து பொருளைப் பிடுங்கிச் சுமப்பதும் உதவிபோல் தோன்றினாலும் அவர் உரிமையில் தலையிடுவனவே. 'நான் என்ன செய்யட்டும்?' என்று கேட்டு, அவர் வேண்டியதை மட்டும் செய்தல் நன்று. மூன்றாவது, எல்லாவற்றையும் நாமே செய்துவிடாதிருத்தல். அவரால் இயன்ற வேலையை அவரிடம் விட்டுவைப்பது அவர்தம் வலிமையைக் காப்பதாகும்.

சமுதாயத்தின் துணை சட்டமாகவும் திட்டமாகவும் அமைகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மாற்றுத்திறன் வகைகளை 21 ஆக விரிவுபடுத்தியது. பொதுக் கட்டடங்கள், போக்குவரத்து ஆகியவற்றில் தடையற்ற சூழலை உரிமையாக அறிவித்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புடையோருக்கு அரசுப் பணிகளில் குறைந்தது 4 விழுக்காடும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடும் இட ஒதுக்கீடு வழங்கியது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக, மருத்துவமனைக்கு வர இயலாதோரின் வீட்டுக்கே உடலியக்க மருத்துவமும் வலிநீக்கும் ஆதரவுச் சிகிச்சையும் சென்று சேர்கின்றன. இவ்வுதவிகள் இருப்பது தெரியாமலே பல குடும்பங்கள் துன்புறுகின்றன. படித்தறிந்த இளையோர் இச்செய்தியை அவர்களிடம் கொண்டுசேர்த்தலும் ஒரு துணையே.

அகலமான ஜமக்காளத்தை ஒருவர் தனித்து நெய்ய இயலாது. அருகருகே அமர்ந்த இருவரும் ஒரே வேகத்தில் இயங்கினால்தான் விரிப்பு கோணாமல் வளரும். ஒருவர் கை தளரும்போது மற்றவரும் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். வலியோடு வாழ்பவர் தம் அளவை அறிந்து நடப்பதும், உடனிருப்போர் அவ்வளவுக்கு இசைந்து நடப்பதும் அத்தகைய கூட்டு நெசவே. வலி தீருமா என்னும் வினாவை மருத்துவத்திடம் தொடர்ந்து கேட்போம். அவ்விடை வரும்வரை வாழ்வைத் தள்ளி வைக்கத் தேவையில்லாத வீட்டையும் பள்ளியையும் ஊரையும் அமைப்பது நம் கையில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் நுழைவாயில், வகுப்பறை, நூலகம், கழிப்பறை ஆகிய இடங்களுக்குச் சக்கர நாற்காலியில் ஒருவர் தனித்துச் செல்ல இயலுமா என்று ஆராய்ந்து, தேவையான மாற்றங்களைத் தலைமையாசிரியருக்குக் கடிதமாக எழுதுக.

2. உங்கள் பள்ளியில் உள்ள படிகளின் மொத்த உயரத்தை அளந்து, அவ்விடத்தில் சாய்தளம் அமைக்க எத்துணை நீளம் தேவைப்படும் என்று கணக்கிடுக.

3. உங்கள் வட்டாரத்தில் வலியைக் குறிக்க வழங்கும் சொற்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றின் பொருள் வேறுபாட்டை விளக்குக.

4. உங்கள் பகுதியில் உள்ள ஒரு தொழிலைத் தெரிவுசெய்து, அத்தொழில் உடலின் எப்பகுதியை மிகுதியாக வருத்துகிறது, அதனைக் குறைக்க என்ன மாற்றம் செய்யலாம் என்று குழுவாகக் கலந்துரையாடுக.

குறுவினா

1. குறுங்கால வலிக்கும் நாட்பட்ட வலிக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? ஏன்?

சிறுவினா

1. வலியின்மையும் தீங்காகும் என்பதைப் பால் பிராண்டின் கண்டறிதலைக்கொண்டு விளக்குக.

2. 'நேரமே முடிவு செய்யட்டும்' – இத்தொடர் உணர்த்தும் கருத்தை எடுத்துக்காட்டுடன் எழுதுக.

நெடுவினா

1. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்றும் நாட்பட்ட வலியோடு வாழ்பவருக்கு எவ்வாறு வழிகாட்டுகின்றன என்பதையும், அதில் உடனிருப்போரின் பங்கையும் தொகுத்தெழுதுக.